மீன் மண்டையில் பட்ட கண்

"அகஸ்டினா, நாளையிலேருந்து நீ உள்ள ஏற வேண்டாம். மீன் வேணுமெண்ணா நான் படிக்கு வந்து வாங்கிக்கிடுதேன்."

சரசம்மா சொல்லிவிட்டாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

காஞ்சிரங்குளத்திலிருந்து குன்னத்துகாலுக்கு மீன் கொண்டுவருகிறவள் அகஸ்டினா. பன்னிரண்டு வருட வாடிக்கை. மீன் பாத்திரமான சருவத்தைத் தலையில் ஏற்றினாள், போய்விட்டாள்.

எல்லாம் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் கிடந்த ஃபிளவர்ஹார்ன் மீனால் வந்தது. சரசம்மாவின் மகன் அகில் துபாய்க்குப் போகும்போது விட்டுப்போன மீன். நெற்றிக்கு மேலே கோழிமுட்டை போல ஒரு புடைப்பு. அந்தப் புடைப்புக்காகவே இனம் பார்த்துச் சேர்த்து உண்டாக்கிய சாதியாம்.

தினமும் நாலு மணிக்கு அகில் வீடியோவில் விளிப்பான். அம்மாவைப் பார்க்கவா? அந்தப் புடைத்த மண்டையைப் பார்க்க. மண்டை நன்றாக இருந்தால் பிள்ளைக்குச் சந்தோஷம். பேச்சு நீளும். சாப்பிட்டாயா, கால்வலி எப்படி, மழை உண்டா என்று அரைமணி நேரம் ஓடும். அந்த அரைமணிக்காகத்தான் சரசம்மா காலையில் எழுந்திருப்பதே.

அகஸ்டினாவோ மூன்றரை மணி பஸ்ஸையும் விட்டுவிட்டுத் தொட்டி முன்னால் நிற்பாள். மீனை முறைப்பாள். முகத்தைக் கோணுவாள். கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டுவாள். மீன் வெறிபிடித்து வந்து முட்டும். எவ்வளவு பெரிய மண்டை என்று வாயைப் பிளப்பாள்.

கண் பட வேறென்ன வேண்டும்?

அவளை விலக்கிய கையோடு சரசம்மா உப்பும் மிளகாயும் உழிந்து அடுப்பில் போட்டாள். தொட்டிக் கண்ணாடியில் கண்மைப் பொட்டும் வைத்தாள்.

மண்டை வற்றியது. மூன்று வாரத்தில் பாதியாகிவிட்டது.

பேச்சும் கூடவே வற்றியது. அரைமணி பத்து நிமிடமாகி, பத்து இரண்டாயிற்று. போனை வைக்கப்போகிற நேரத்தில் ஒருநாள் அகில் சொன்னான்:

"சும்மா கெடந்தா மண்டை இறங்கத்தான் செய்யும் அம்மா. தினமும் எதுத்து நிக்க அதுக்கு ஒரு ஆளு வேணும். கோவம் வந்து முட்ட முட்டத்தான் பொங்கும். இவ்வளவு நாளும் ஆரு நின்னது?"

சரசம்மா தொட்டிக் கண்ணாடியிலிருந்த கண்மைப் பொட்டைத் துடைத்தாள்.

மறுநாள் ரோட்டு முக்கில் போய்க் காத்து நின்றாள். அகஸ்டினாவின் சருவத்தைத் தன் கையாலேயே இறக்கினாள். உன் கண் பட்டுவிடும் என்று நினைத்தது என் தப்பு, வீட்டுக்கு வா என்றாள்.

"எனக்க கண்ணு பொல்லாத்த கண்ணாக்கும் அக்கா. மீன் செத்துப்போனா?"

"செத்தா சாவட்டு. நீ ஏறி வா."

தொட்டி முன்னால் அந்த முகம் கோணியதுமே மீன் சீறிக்கொண்டு வந்தது. இரண்டு வாரத்தில் மண்டை பழையபடி ஏறியது. அன்றைக்கு அகில் முக்கால் மணி நேரம் பேசினான். நடுவில் இரண்டு தடவை சிரித்தான்.

போனை வைத்துவிட்டுச் சரசம்மா அகஸ்டினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. மரச்சீனிக் கிழங்கு அவித்தது இருந்தது. உட்காரவைத்துப் பரிமாறினாள். பிறகுதான் கேட்டாள், தினமும் பஸ்ஸை விட்டுவிட்டு இந்த மீனோடு எதற்கு மல்லுக்கு நின்றாய் என்று.

முதலில் விளையாட்டுக்குத்தான் என்றாள் அகஸ்டினா. பத்துப் பதினைந்து நாளில் மண்டை பொங்கியதாம். மண்டை பொங்கப் பொங்க அகிலின் பேச்சும் நீண்டதாம். படியில் நின்று கேட்டிருக்கிறாள். அதன்பிறகு ஒரு நாளும் விடவில்லையாம்.

"அதில உனக்கு என்ன மக்கா?"

அகஸ்டினா தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்க மகன் விஜின் குவைத்திலேருந்து விளிச்சு ரெண்டு கிறிஸ்மஸ் ஆச்சு அக்கா. போகும்போ அவன் வீட்டில ஒரு மீனையும் விட்டுட்டுப் போகல்ல."