திரும்பச் சொல்லு!

“அந்த மனுஷனை நாளையிலேருந்து வேற பேட்சுக்கு மாத்திடறேன் மேடம். அந்தம்மாவாவது உருப்படட்டும்!”

கம்ப்யூட்டர் கணக்குப் பயிற்சி மையத்தின் மாஸ்டர் பொரிந்து தள்ளினார். நியாயமான கோபம்தான்.

படிக்கப் பிடிக்காத நேரத்தில் மாணவர்கள் தங்களைத் தாங்களே எப்படிப் பிடித்து உட்கார வைக்கிறார்கள் என்று அளந்து பார்க்க வந்திருந்தாள் அந்த ஆராய்ச்சிப் பெண். அவள் கொடுத்த கேள்விகளில் வகுப்பிலேயே முதலிடம் அந்தம்மாவுக்கு. கடைசி இடம், பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் வீட்டுக்காரருக்கு!

ஆராய்ச்சிப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. ஏற்கெனவே பாதியில் படிப்பை விட்டு ஓடியவளாம் அந்தம்மா. இப்போது மட்டமே போடுவதில்லையாம். இப்படி ஒரு ஆளைத்தானே இத்தனை நாளாகத் தேடினாள்!

“போரடிச்சா என்னம்மா செய்வீங்க?”

“எங்கே போரடிக்க விடறார்? வீட்டுக்குப் போனதும் ‘இது புரியலை, அது புரியலை’ன்னு உயிரை வாங்குவார். மரமண்டை! அவருக்குச் சொல்லித்தரணுமேன்னு நானும் படிச்சுத் தொலைக்கிறேன்.”

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். வெட்கமே இல்லை.

ஆனால் பேட்ச் மாற்றம் என்று காதில் விழுந்ததும் பதறிப்போய், ஆராய்ச்சிப் பெண்ணை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“வேண்டாம்னு நீங்கதான் மாஸ்டர்கிட்டே சொல்லணும் மேடம். இந்தக் கம்ப்யூட்டர் கணக்குப் பரீட்சையை நான் போன வருஷமே வேற சென்டர்ல பாஸ் பண்ணிட்டேன்.”

“என்னது!”

“மெதுவா! அவளுக்குச் சொல்லித்தரலாம்னு ரகசியமாப் படிச்சேன். அதுக்குள்ளே ‘எனக்கெல்லாம் இது ஏறாது’ன்னு அவ புத்தகத்தை மூடிட்டா. நான் பாஸ்னு தெரிஞ்சா இன்னும் சுருங்கிடுவா. அதான் எனக்கும் ஏறலைன்னு சொல்லிக் கூடவே வந்து சேர்ந்தேன். ‘சொல்லிக்குடு’ன்னு கேட்டதும் எப்படி நிமிர்ந்து உட்கார்ந்தா தெரியுமா! அவகிட்டே மட்டும் மூச்சு விட்டுடாதீங்க.”

ஆராய்ச்சிப் பெண் மாஸ்டரிடம் ஓடினாள். “சார், என் ஆராய்ச்சிக்கு இந்த ஜோடி இப்படியேதான் வேணும்!”

மாஸ்டர் முணுமுணுத்தபடி ஒத்துக்கொண்டார்.

வகுப்பு முடிந்தது. வீட்டுக்காரர் வண்டியை எடுக்கப் போனதும், அந்தம்மா வேகமாக வந்தாள்.

“வராந்தாவுல எல்லாத்தையும் உளறிட்டாரா மேடம்?”

ஆராய்ச்சிப் பெண் அவசரமாகக் கேள்வித்தாள்களைப் புரட்டினாள்.

“எனக்கு எப்பவோ தெரியும். நான் சரியாச் சொல்லிக்குடுத்தா அவருக்கு ஒரே தடவையில புரிஞ்சுடும். தப்பாச் சொன்னா மட்டும் ‘திரும்பச் சொல்லு’ம்பார்!”

“அப்புறம் ஏம்மா தெரியாத மாதிரி இருக்கீங்க?”

“போரடிச்சா என்ன செய்வேன்னு கேட்டீங்களே... எனக்காக மரமண்டைன்னு பேர் வாங்கிக்கிட்டு நிக்கிற மனுஷனை நினைச்சுப்பேன். கை தானாப் புத்தகத்தை எடுத்துடும்.”

வண்டிச் சத்தம் கேட்டது. அந்தம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“அவர்கிட்டே மட்டும் மூச்சு விட்டுடாதீங்க!”