ஐந்து அங்குலம்

ஐந்து அங்குலம் குறைகிறது.

மறுபடி அளந்தாள். உடுப்பின் மார்புச் சுற்று பதின்மூன்று. பிள்ளைக்குப் பதினெட்டு. கையும் நீளமும் போதும். மார்புதான்.

வெள்ளை லேஸ் வைத்த ஞானஸ்நான உடுப்பு. கணவன் வீட்டில் நான்கு தலைமுறைப் பிள்ளைகள் இதை உடுத்துத்தான் கோவிலில் பேர் பெற்றார்கள்.

நாளை அவள் மகளின் முறை.

காப்பகத்திலிருந்து வந்து ஐந்து மாதம். வயது ஒன்றேகால்.

நாத்தனார் செலின் புதுக் கவுன் ஒன்றை உறையிலிருந்து எடுத்தாள்.

"மைனி, அது எட்டு நாள் பிள்ளைக்குத் தச்சது. இவளுக்கு எப்பிடிக் கொள்ளும்? இதப் போடுங்க. யாரு கேக்கப்போறா?"

யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் சுவரில் வரிசையாய் மாட்டிய படங்களில் தெரியும். எல்லோரும் ஒரே உடுப்பில். இவள் மட்டும் வேறொன்றில்.

கத்தரியை எடுத்தாள். மார்பில் வெட்டி ஒட்டுத்துணி சேர்க்கலாம்.

மார்பு முழுக்க நூல்வேலை, இலைக்கொடியும் துளைப்பூவும். எங்கே வெட்டினாலும் ஒரு பூ போகும்.

கத்தரியை வைத்தாள்.

அவள் கணவன் நாலரைக் கிலோவாய்ப் பிறந்தவன். செலின் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள், பூனைக்குட்டியளவு. இருவரும் இதைத்தான் உடுத்தினார்கள்.

ஒரே உடுப்பு இருவருக்கும் எப்படிக் கொண்டது?

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

மார்புச் சுருக்கங்களுக்கு நடுவே இரண்டு தையல் வரிகள். அவற்றுக்கிடையே ஒரு நிழல். விரலால் தடவினாள். துணிக்குள் ஒரு குழாய். குழாய்க்குள் நாடா.

பாவாடை நாடா போலத்தான். இழுத்தால் சுருங்கும், விட்டால் விரியும்.

ஆனால் இது விரியவில்லை.

திருப்பினாள். முதுகுப் பக்கம் நாடாவின் இரு முனைகளையும் யாரோ அழுத்தித் தைத்திருந்தார்கள். தடித்த நூல். வேறு கை.

கடைசியாக இதை உடுத்தியவள் செலின்.

"ஒனக்காகச் சுருக்கித் தச்சிருக்காங்க."

செலின் எழுந்து வந்தாள்.

செலின் பார்த்திருக்க, அவள் ஊசி முனையால் ஒவ்வொரு தையலாய்ப் பிரித்தாள். நாடா தளர்ந்தது. சுருக்கங்கள் ஒவ்வொன்றாய் விரிந்தன. மடிப்புக்குள் கிடந்த பூக்கள் வெளியே வந்தன.

அளந்தாள். இருபது.

பிரித்த நூல் துண்டுகளைச் செலின் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கி மடியில் இருத்தி, உடுப்பைத் தலைவழியே போட்டாள். நாடாவின் இரு முனைகளையும் கையில் எடுத்தாள்.

"எத்தனையில மைனி?"

"பதினெட்டுல. கட்டுனா போதும். தச்சிராத."