முப்பத்தெட்டாவது நிமிஷம்

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அந்தப் போன் வரும். ஒன்பதாம் சீட் அக்கா எடுப்பார். "வணக்கம் சார், லைன்லயே இருங்க" என்பார். ஹோல்ட் பட்டனை அமுக்குவார். சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்.

அந்த மனுஷன் அந்தப் பக்கம் காத்துக்கிடக்க, இவர் இந்தப் பக்கம் நிதானமாக மென்றுகொண்டிருப்பார். நாற்பது நிமிஷம்.

நாலு நாளாகப் பக்கத்து சீட்டிலிருந்து பார்க்கிறேன். பள்ளிக்கூடம் போதும் என்று வந்து சேர்ந்த வேலை இது. வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவு. போனை எடுக்கணும், திட்டு வாங்கணும், எழுதி வைக்கணும்.

"அக்கா, பாவமா இல்லையா உங்களுக்கு?"

"எதுக்கு?"

"ஹோல்ட்ல ஒருத்தர் கிடக்கறாரே."

"அவருக்கென்ன, பாட்டு கேட்டுட்டு இருக்கார்," என்று டப்பாவைக் கழுவப் போய்விட்டார்.

டிசம்பர் பிறந்ததும் ஹோல்ட் பாட்டை மாற்றியிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குக் கேட்கத் தகுந்த கிளாசிக்கல் இசையாம். வயலின், பியானோ, ஆர்கன் என்று நாற்பது நிமிஷம் ஓடும். எங்கள் ஆபீசில் யாரும் முதல் நிமிஷத்தைத் தாண்டிக் கேட்டதில்லை. எவன் கேட்பான்?

மூணு நிமிஷத்துக்கு மேல் ஹோல்ட் போட்டால் சுவர் போர்டில் நம் சீட் நம்பர் சிவப்பாகும். அஞ்சு நாள் தொடர்ந்து சிவப்பு என்றால் வேலை காலி. அதைக் கணக்குப் பார்ப்பவர் எங்கள் சூப்பர்வைசர். நாங்கள் வைத்த பேர் ஸ்டாப்வாட்ச். பன்னிரண்டு மணிக்கு அவரும் சாப்பிடப் போய்விடுவதால் அக்கா தப்பித்துக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஸ்டாப்வாட்ச் சாப்பிடப் போகவில்லை. பன்னிரண்டரை தாண்டியதும் கையில் ஒரு ரிப்போர்ட்டோடு வந்து நடுவில் நின்றார்.

"ஒன்பதாம் நம்பர் நாலு நாளா சிவப்பு. இன்னைக்கும் சிவப்பு. மெஷின் கோளாறா?"

எல்லாரும் அவரவர் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

"கோளாறெல்லாம் இல்ல சார். அக்கா சாப்பிடறாங்க," என்றேன்.

கேட்டார், சொன்னேன். அக்கா வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருத்தர்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அக்கா வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினார். "சார், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீங்க சாப்பிடுங்க. நான் பேசிக்கறேன்." ஸ்டாப்வாட்ச் அக்காவின் போனை ஸ்பீக்கரில் போட்டார். "எல்லாரும் கேளுங்க. கஸ்டமர் எப்படிக் கிழிக்கப் போறார்னு."

தொண்டையைச் செருமிக்கொண்டார். "வணக்கம் சார். முப்பத்தஞ்சு நிமிஷம் உங்களைக் காக்க வெச்சுட்டோம். ரொம்ப மன்னிக்கணும்."

அந்தப் பக்கம் தட்டில் ஸ்பூன் விழும் சத்தம்.

"அட, ஏன் சார் எடுத்தீங்க?"

"என்ன சார்?"

"இன்னும் மூணு நிமிஷம் சார். முப்பத்தெட்டாவது நிமிஷத்துலதான் எல்லாரும் சேர்ந்து பாடற இடம் வரும். கெடுத்துட்டீங்களே."

பின்னாலிருந்து ஒரு கிழவர் குரல்: "எவன்டா பாட்டை நிறுத்தினது?"

"சார், நீங்க யாரு பேசறது?"

"முதியோர் இல்லத்துச் சமையல்காரன். எங்க ரேடியோ செத்துப்போச்சு சார். போன வாரம் மெஷின் சுத்தலைன்னு உங்களுக்குப் போன் போட்டேன். ஹோல்ட்ல இந்தப் பாட்டு வந்துச்சு. பதினாலு பேரும் தட்டை விட்டுட்டுப் போனைச் சுத்தி நின்னுட்டாங்க. அந்தப் பொண்ணு எடுத்ததும் எல்லாரும் அது மேல எரிஞ்சு விழுந்தாங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

"அதுதான் சொல்லுச்சு, தினமும் என் சாப்பாட்டு நேரத்துல கூப்பிடுங்க, நான் சீட்லயே சாப்பிட்டுக்கறேன்னு. எங்க பொண்ணு எங்க சார்? லீவா?"

ஸ்டாப்வாட்ச் இடைவேளைப் பதிவேட்டைப் புரட்டினார். அஞ்சு நாளும் பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை அக்காவின் கையெழுத்து இருந்தது. என் கண்ணிலும் பட்டது. நாலு நாளில் ஒரு தடவை நான் அதைப் புரட்டியிருக்கலாம்.

"உங்க மெஷின் என்னாச்சு?"

"அது அன்னைக்கே சரியாயிடுச்சு. ஜம்முனு ஓடுது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஸ்டாப்வாட்ச் சிரிக்கவில்லை.

"மறுபடியும் முதல்லேருந்துதான் வரும். பரவாயில்லையா?"

"எங்களுக்கு என்ன சார் வண்டியா கிளம்பப் போகுது? போடுங்க."

ஹோல்ட் பட்டனை ஸ்டாப்வாட்சே அமுக்கினார். அக்காவிடம், "டப்பாவை மூடாதீங்க, இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கு," என்றார். பிறகு பேனாவை எடுத்து ரிப்போர்ட்டில் எழுதினார். எழுதியதை வாய்விட்டும் படித்தார்.

"ஒன்பதாம் நம்பர். மெஷின் கோளாறு."

அது பொய். சொல்ல வாயெடுத்தேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மூடிக்கொண்டேன்.

"அக்கா, சாரி," என்றேன்.

"இந்தா, இதைத் தின்னு. வாய் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும்," என்று டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

ஒரு வாய் வைப்பதற்குள் என் போன் அடித்தது.

"வணக்கம், புகார்ப் பிரிவு. உங்க மெஷின்ல என்ன பிரச்சினை?"

"மெஷினும் இல்ல, ஒண்ணும் இல்ல." குரல் தெரிந்த குரல். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடி அறைக்குள் ஸ்டாப்வாட்ச், காதில் செல்போனோடு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்னையும் ஹோல்ட்ல போடும்மா."

"சார், என் நம்பர் சிவப்பாயிடும்."

"ஆகட்டும். முப்பத்தெட்டாவது நிமிஷம் தாண்டற வரைக்கும் மட்டும் எடுத்துத் தொலைச்சிடாதே."