குளிரவைக்காத குப்பி

மூடியைத் திருகித் திறந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. குப்பியை ஐஸில் வைக்கவே இல்லை.

போச்சு.

பெட்ரோல் கிடங்கின் சோதனைக்கூடத்தில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் அது. எத்தனால் கலந்த பெட்ரோலை நன்றாகக் குளிரவைத்துத்தான் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆவி பறந்துவிடும். ஆவியின் அழுத்தத்தை அளக்கும் கருவி குறைத்துக் காட்டும். பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்து வந்த வாரம். கை பழசை மறந்திருந்தது.

பொல்லாத கூட்டு அது. எத்தனால் தனியே இருந்தால் ஆவியாவதில் பெட்ரோலைவிட மந்தம். அதைக் கொஞ்சம் கலந்தால் பெட்ரோலும் அடங்கிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எங்கே அடங்குகிறது? முன்னைவிட வேகமாகக் கிளம்பும்.

கிளம்பியது. நேராக அவள் மூக்குக்கு.

அப்படியே நின்றுவிட்டாள்.

பெட்ரோல்.

பெட்ரோல் வாசனை!

நிறைமாதத்தில் வந்த காய்ச்சல் அவள் மோப்பத்தை வாரிக்கொண்டு போயிருந்தது. குழம்பு தீய்ந்தால்கூடத் தெரியாது. அது போகட்டும். பிள்ளை பிறந்ததும் பார்க்க வந்தவர்களெல்லாம் அதன் உச்சியை முகர்ந்து முகர்ந்து கிறங்கினார்கள். அவளும் முகர்ந்தாள்.

ஒன்றுமே இல்லை.

"ஆமா, பால் வாசன" என்று எல்லோரோடும் சேர்ந்து பொய் சொன்னாள். பெற்ற பிள்ளையின் வாசனை தனக்கு மட்டும் இல்லையே என்று தனியே அழுதாள். மோப்பம் திரும்பிவிடும் என்றார் டாக்டர். எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை.

"மேடம், ஐஸ்ல வைக்காமயா தொறந்தீங்க?" பக்கத்து மேசை இராயப்பன் பதறிக்கொண்டு வந்தார். "சாம்பிள் வீணாப்போச்சே! மறுபடி டேங்க்ல போய் எடுக்கணும்."

அவள் தலையாட்டினாள். உள்ளங்கையை முகர்ந்தாள். சோப்பு. மேலங்கியின் காலரை இழுத்து முகர்ந்தாள். வியர்வை. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

"என்ன மேடம், சிரிக்கிறீங்களா அழறீங்களா?"

அவளுக்கே தெரியவில்லை. குப்பியை இறுக மூடி வைத்தாள். நெஞ்சில் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப் போயிருந்தது. அலுவலக அறைக்குப் போய், அங்கிருந்த தொலைபேசியில் மாமியாரை அழைத்தாள்.

"அத்தை, பாப்பாவக் குளிப்பாட்டியாச்சா?"

"இப்பத்தாம்மா வெந்நி வச்சிருக்கேன். ஏன்?"

"வேணாம் அத்தை. இன்னைக்குக் குளிப்பாட்டாதீங்க. நான் வந்துர்றேன்."