புது அப்சோர்பர்

தம்போயிலுள்ள கார்ப் பட்டறையின் தகரக் கூரை மத்தியான வெயிலில் சடசடக்கிறது. சதாசிவத்தின் சிவப்பு நிறப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் முன்சக்கரங்கள் இல்லாமல் முட்டுகளின் மேல் நிற்கிறது. மனைவியின் தம்பி தீபன் வாங்கி வந்த புது அப்சோர்பரை, சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் இரும்புக் குழாயை, சதாசிவம் தூக்குகிறார். விரலில் கறுப்பு ஒட்டுகிறது. தின்னரில் நனைத்த துணியால் துடைக்கிறார். சாயம் கரைந்து துரு தெரிகிறது; துருவுக்கு நடுவே ஒரு பள்ளம். போன வாரம் கழற்றும்போது அவர் சுத்தியல் பட்டு விழுந்த பள்ளம். பழைய இரும்புக் கடையில் போடச் சொல்லித் தீபனிடம் கொடுத்தனுப்பியது இதைத்தான். "புதுசுன்னு சொல்லித்தான் கடையில குடுத்தாங்க லா, மாமா," என்கிறான் தீபன். சதாசிவம் துணியைத் தரையில் அறைகிறார். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, குரல் மட்டும் உயரவில்லை. "அமுக்கு." தீபன் அமுக்குகிறான். தண்டு சத்தமில்லாமல் உள்ளே போகிறது; கையை எடுத்த பிறகும் மேலே வரவில்லை. "இத மாட்டிக்கிட்டு நாளைக்கு ஹைவேல போனா, என் பக்கத்துல யாரு உக்காந்திருப்பா? உன் அக்காடா." மூலையில் மின்விசிறி கரகரக்கிறது. தீபன் நிமிரவே இல்லை. உள்ளே போன தண்டைக் கறுப்புச் சாயம் அப்பிய தன் நகங்களால் மேலே இழுக்கப் பார்க்கிறான்.