பனிக்குள் கேட்ட குரல்

குல்மார்க்கில் பனிச்சறுக்கு வழிகாட்டியாக இருந்த ஜெமிலா பனிச்சரிவில் புதைந்து இறந்தாள். ஒரு மாதம் கழித்து, கூட வேலை பார்த்த அனுஜா அவளுடைய ஹெல்மெட்டோடு நாகர்கோவில் வந்தாள்.

ஜெமிலாவின் அப்பா செல்லதுரை அதைத் தொடவில்லை. இந்த வேலை வேண்டாம் என்று சொல்லியும் போன மகளோடு அவர் மூன்று வருடமாகப் பேசியதில்லை.

"அங்கிள், பனி சரியப்போகுதுன்னா ஹெல்மெட்தான் எங்களுக்குச் சொல்லும். யார் சொன்னா கேப்போமோ அவங்க குரல்லயே பேசும். நீங்க முன்னாடி அனுப்பின வாய்ஸ் மெசேஜ்ல இருந்து எடுத்து, ஜெமி உங்க குரலைத்தான் வச்சிருந்தா. அன்னைக்குப் பேசினது எல்லாம் இதுல பதிவாகியிருக்கு."

அனுஜா பொத்தானை அழுத்தினாள்.

"மக்களே, புதுப் பனி இன்னும் கீழ ஒட்டல. அதுல இறங்காத," என்றது அவர் குரல். மகளைச் செல்லமாகக் கூப்பிடும் அந்த 'மக்களே' அவர் வாயில் வந்து எத்தனை நாளாகிவிட்டது.

"சறுக்க வந்தவங்க ரெண்டு பேரு இறங்கிட்டாங்கப்பா. கூட்டிட்டு வந்திருதேன்," என்றது ஜெமிலாவின் குரல்.

பெரிய இரைச்சல் ஒன்று கேட்டது. அதன் பிறகு அவள் மூச்சு மட்டும்.

"மக்களே, உறங்கிராத. ஆளு வருது. அப்பா இருக்கேன்."

பேசுவது ஹெல்மெட் என்பதே குளிரில் அவளுக்கு மறந்துபோயிருந்தது. "அப்பா... நீங்களா பேசுதிய? கோவம் போச்சா?"

"நிறுத்தும்மா!" என்று கத்தினார் செல்லதுரை.

அனுஜா நிறுத்தினாள்.

"அது பதில் சொல்லிச்சா?"

"சொல்லிச்சு அங்கிள். போடட்டுமா?"

"வேண்டாம்."

ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதனுள் முகத்தைத் தாழ்த்தி, "எப்பமோ போச்சு மக்களே," என்றார்.