பேசினால் அவுட்டு

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கல்வி அதிகாரி வந்தபோது, என்றும் சந்தைக்கடையாக இரையும் மூன்றாம் வகுப்பில் பேச்சுமூச்சே இல்லை. பக்கத்துச் சாமான் அறையில் மட்டும் டொக் டொக்கென்று கேட்டது.

“வகுப்பு விழாவுக்கு டீச்சர் ஆணி அடிக்கிறாங்க சார்” என்றார், ஒழுக்கக் கேடயத்துக்கு ஆண்டுக்கணக்காக ஏங்கும் தலைமையாசிரியர்.

“பிரமாதம்! கேடயம் உங்களுக்குத்தான்.” அதிகாரி கிளம்பினார்.

கடைசி மணி அடித்தும் பிள்ளைகள் அசையாததைக் கண்டு தலைமையாசிரியர் உள்ளே வந்தார்.

“ஏண்டா, ஊமையாட்டம் உட்கார்ந்திருக்கீங்க? டீச்சர் எங்க?”

வகுப்புத் தலைவிக்குப் பொறுக்கவில்லை. “விளையாட்டு சார்! கடைசி வரைக்கும் பேசாதவங்களுக்குப் பரிசு. டீச்சரும் ஆடுறாங்க. பரிசை எடுக்கச் சாமான் ரூமுக்குப் போனப்ப கதவு பூட்டிக்கிச்சு.”

“நீ அவுட்டு!” என்று வகுப்பே கத்தியது.

தலைமையாசிரியர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். “ஒரு குரல் கொடுத்திருக்கலாமே டீச்சர்?”

டீச்சர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

முதல் பரிசு அவருக்கே கிடைத்தது.